கதவுக் கண்ணாடி வரும் வரை

விஜயதசமி முடிந்து ஐந்தாம் நாள் மதியம், வெயிலில் சும்மா நின்றுகொண்டிருந்த என் மகனின் காரில் இடது கதவுக் கண்ணாடி தானாக உடைந்தது. கல் படவில்லை, பந்து படவில்லை, பூனைகூட ஏறவில்லை. பட்டாசு வெடித்தது போல ஒரு சத்தம் கேட்டதாகக் காவலாளி சொன்னான். அவன் இன்டர்காமில் மராத்தியில் "ஆஜோபா, காச் ஃபுட்லி" என்று, தாத்தா, கண்ணாடி உடைந்துவிட்டது என்ற சேதியைச் சொன்னபோது நான் கடைசிச் சோற்றுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. மகனும் மருமகளும் அலுவலகத்தில்.

கீழே போனேன். காரின் மேல் போட்டிருந்த துணி உறை இடது பக்கம் மட்டும் பல் போன கன்னம் போல உள்ளே ஒட்டிக் கிடந்தது. உறையைத் தூக்கினால் கண்ணாடி இருந்த இடத்தில் காற்று. இருக்கையிலும் கதவின் பள்ளத்திலும் தரையிலும் கற்கண்டு போலத் துண்டுகள். குனிந்து பொறுக்க ஆரம்பித்தேன். என் பழக்கப்படி எண்ணிக்கொண்டே பொறுக்கினேன். இருநூறைத் தாண்டியதும் இடுப்பு மறுத்துவிட்டது. ராணுவத்துக்கு வாங்கும் பூட்ஸையும் கம்பளியையும் கணக்குப் பார்க்கும் அலுவலகத்தில் முப்பத்தாறு வருடம் இருந்தவன் நான். கண்ணில் பட்டதை எண்ணாமல் விட எனக்குத் தெரியாது. மருமகள் சட்டினி வைக்கும்போதே, "மாமா, தோசைய எண்ணாம சாப்பிடுங்க, ப்ளீஸ்" என்பாள்.

அந்தக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டே பேர் உட்காரலாம். அதில் ஏறுவது கிடையாது, இறங்குவதுதான். உட்கார்ந்தால் முழங்கால் மோவாய்க்கு வரும். வெளியே வர எனக்கு யாராவது கை கொடுக்க வேண்டும். நாங்கள் இருக்கும் பாணேர் பகுதியின் வேகத்தடைகளில் அடிவயிறு தட்டாமலிருக்க மகன் அதைக் குறுக்காக ஏற்றிக் குறுக்காக இறக்குவான். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்துத் திட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் மலைமேலிருக்கும் லோணாவளா வரை போய் ஒரு காப்பி குடித்துவிட்டு வருவான். மற்ற ஆறு நாளும் அது உறைக்குள் தூங்கும். அவன் வாடகைக் காரில் வேலைக்குப் போவான்.

எங்கள் ஃப்ளாட்டுக்கு இரண்டு நிறுத்துமிடங்கள். ஒன்று கட்டடத்துக்கு அடியில், கூரையோடு. இன்னொன்று மதிலோரம், வெட்டவெளியில். கூரையுள்ள இடம் என்னுடையது. ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் நான் வாங்கிய சாம்பல் நிறச் சிறிய கார் அங்கே நிற்கும். மகனின் கார் வந்த அன்றே மருமகள் அந்த இடத்தை ஜாடையாகக் கேட்டுப் பார்த்தாள். நான் காது கேட்காதவன் போல இருந்துவிட்டேன். வயதுக்குக் கிடைக்கும் சலுகை அது ஒன்றுதான். ஆகவே மகனின் கார் வெயிலில் நின்றது. அந்த வெயிலிலேயே அதன் கண்ணாடி போனது. ஆனால் காரணம் வெயில் இல்லை என்று வீட்டில் முடிவாயிற்று. காரணம் நான்.

இந்த ஊருக்கு வந்து இத்தனை காலத்தில் எங்கள் ஆயுத பூஜை ஒருநாள் தள்ளி, இவர்களுடைய தசராவோடு ஒட்டிக்கொண்டது. அன்றைக்குத்தான் செண்டுப்பூ மாலை தெருவெல்லாம் குவியும். ஊரில் ஓடுகிற எல்லாவற்றுக்கும், தண்ணீர் லாரிக்கும்கூட, மாலை விழும். நாங்கள் நம் வழக்கப்படி சந்தனம், குங்குமம், சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம். அதற்கு மேல் இந்த ஊர் மாலை. என் காருக்கு மாலை கட்டுவது சுலபம். முன்பக்கக் கம்பியில் ஒரு முடிச்சு. இரண்டு முனைகளையும் இரண்டு கதவுகளின் மேல் இடுக்கில் வைத்துச் சாத்திவிட்டால் நெற்றிப்பட்டம் போல நிற்கும். மகனின் காரில் முன்பக்கம் கட்ட ஒரு கம்பி இல்லை, கொக்கி இல்லை. முழுக்க வழவழப்பு, தவளை முதுகில் மாலை போடுவது போல.

நான் என் காருக்குச் செய்தது போலவே மாலையைக் குறுக்கே போட்டேன். முனை அவிழாமலிருக்கப் பூக்காரி மெல்லிய இரும்புக் கம்பியைச் சுற்றியிருந்தாள். அந்த முனை இடது கதவருகே தொங்கியது. மருமகள் போட்டோ எடுக்கக் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி, "மாமா, அது தொங்குது, அசிங்கமா இருக்கு. உள்ள சொருகிடுங்க" என்றாள். சொருகினேன். மகன் கதவைச் சாத்தினான்.

அந்தக் காரின் கதவில் கண்ணாடிக்குச் சட்டம் கிடையாது. கதவைத் திறந்தால் கண்ணாடி ஒரு விரல் அளவு தானாகக் கீழே இறங்கும். சாத்தினால் மேலேறிக் கூரையின் ரப்பருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அன்றைக்கு ஏறிய கண்ணாடி கம்பியைக் கடித்துக்கொண்டு, நறுக்கென்று நின்றது. மகன் பதறிப் பொத்தானை அமுக்கி இறக்கினான். விளிம்பில் கடுகு அளவில் சில்லு பெயர்ந்து ஒரு பொக்கு. அவன் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, "ஒண்ணும் ஆகல" என்றான். எல்லோரும் மேலே போய்ச் சுண்டல் சாப்பிட்டோம்.

விளிம்பில் அப்படிப் பொக்கு விழுந்த கண்ணாடி உடனே உடையாதாம். நாள் பார்த்துச் சூடு ஏறும்போது மொத்தமாக உதிருமாம். சர்வீஸ்காரர்கள் சொன்னதை மகன் எனக்குச் சொன்னான். மாலையைப் போட்டவன் நான், சொருகச் சொன்னவள் மருமகள், கதவைச் சாத்தியவன் மகன். மூன்று பேர் கை பட்ட காரியம். பழி மட்டும் பங்கு போடப்படவில்லை. அன்று மாலை மருமகள் சென்னையிலிருக்கும் தன் அம்மாவிடம் போனில் பேசியது சுவருக்கு இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்டது. "மாமாதாம்மா கட்டினார்." நான் காது கேட்காதவன் என்பதை அவள் நம்பிவிட்டாள்.

மகன் திட்டவில்லை. அவன் திட்டுகிற ஜாதி இல்லை. மூன்றாம் நாள் மாலை வானம் கறுத்தது. போகிற போக்கில் ஒரு தடவை வந்து கொட்டிவிட்டுப் போகும் ஐப்பசி மழை. மகன் கதவின் ஓட்டையைப் பிளாஸ்டிக் தாளால் மூடி நான்கு பக்கமும் ஒட்டியிருந்தான். காற்று அதைப் பொம்மென்று ஊதிக் காட்டியது. பால்கனியிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டான்.

"ப்பா, உங்க கார கொஞ்ச நாள் வெளிய விடலாமா? கிளாஸ் வர்ற வரைக்கும்தான்."

"எங்கேருந்து வருது?"

"ஜெர்மனி."

"நடந்தா வருது?"

அவன் சிரிக்கவில்லை. தூறல் விழ ஆரம்பித்தது. நான் சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். இருட்டுவதற்குள் என் கார் மதிலோரத்துக்கும் அவன் கார் கூரைக்கு அடியிலும் மாறிவிட்டன.

கண்ணாடி வரவில்லை. தீபாவளி வந்தது, போனது. மதிலுக்கு அந்தப் பக்கம் நிற்கும் மரத்தில் காகங்கள் அதிகம். என் கார் தினமும் வெள்ளைப் புள்ளி வைத்துக்கொண்டு நின்றது. வாளியும் துணியுமாக இறங்கித் துடைப்பேன். துடைக்கும்போது எனக்கு முன்னால் கூரையின் கீழ், ஓட்டைக் கதவோடு மகாராஜா போல உட்கார்ந்திருக்கும் அது. அதன் மேல் ஒரு தூசி இல்லை. மகன் தினமும் டார்ச் அடித்து உள்ளே ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பான். என் மூட்டு வீக்கத்தை அவன் ஒருநாளும் டார்ச் அடித்துப் பார்த்ததில்லை.

கார் எனக்கு எதற்கு என்று கேட்கலாம். கேட்டார்கள். வாரத்தில் ஒருநாள், சனிக்கிழமை, கேம்ப் என்கிற பழைய ராணுவக் குடியிருப்புப் பகுதிக்குப் போவேன். அங்கே சந்துக்குள் ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில் என்னோடு வேலை பார்த்தவர் தனியாக இருக்கிறார். நாகர்கோவில்காரர். மனைவி இல்லை, மகள் கனடாவில். கைப்பிடித்து இறக்கிக் காரில் உட்கார வைத்தால் அந்த வாரத்துக்கு அவர் வெளி உலகம் பார்க்கலாம். பேக்கரி வாசலில் நிறுத்தி, காருக்குள்ளேயே வெண்ணெய் தடவிய பன் மஸ்காவும் டீயும். அதற்குப் பிறகு பஜாரை ஒரு சுற்று. வாடகைக் கார்க்காரன் அவர் படியிறங்கும் வரை காத்திருக்க மாட்டான். பன் சாப்பிடும் வரை நிற்கவும் மாட்டான். மருமகளிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். "கேப்ல வெயிட்டிங் போட்டுக்கலாம் மாமா" என்றாள். நானே கியர் போட்டு, நானே பிரேக் பிடித்து ஒரு இடத்துக்குப் போய்ச் சேருவதில் என்ன இருக்கிறது என்று அவளுக்கு எடுத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவளுக்கு எழுபத்து நான்கு வயதாகும்போது தானே தெரியும்.

நண்பருக்குக் கண்ணாடி விவகாரம் வாராவாரம் தொடர்கதை.

"உம்ம மகனுக்குக் கண்ணாடி கப்பல்ல வருதா, கழுதையில வருதா?"

"விமானத்துல வருதுன்னு சொல்லுதான்."

"அப்ப விமானத்தக் கழுத இழுக்கு போல." பன்னை டீயில் முக்கிச் சாப்பிட்டார். பிறகு சொன்னார்: "வே, ஒரு கேள்வி. நம்ம ஆபீஸ்ல குடுத்த நாற்காலி என்னைக்காவது திரும்ப வந்துருக்கா? குடுத்தது நாற்காலியா இருந்தாலே வராது. நீரு இடத்தக் குடுத்துருக்கீரு."

நான் சிரித்தேன். சிரிப்பு வீடு வரைக்கும் வரவில்லை.

கார்த்திகை பிறந்த பிறகு ஒரு கண்ணாடி வந்தது. அது வேறு வகைக்கு உரியது. கூரை திறக்கும் மாடலுக்குச் செய்தது; இந்தக் கதவில் வைத்தால் மேலே இரண்டு விரல் குறைகிறது. மும்பையில் யாரோ ஆர்டரில் நம்பரை மாற்றி எழுதிவிட்டார்களாம். அதைத் திருப்பி அனுப்பிவிட்டு மறுபடி முதலிலிருந்து. அன்றிரவு மகன் சாப்பாட்டு மேஜையில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தான். எனக்கே அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "விடுய்யா, வந்துரும்" என்றேன். "உங்க காருக்கு ஒண்ணும் கஷ்டம் இல்லைல்லப்பா?" என்றான். "காக்கா மட்டும்தான்" என்றேன். இப்படித்தான் மனிதன் தன் காலுக்கடியில் தானே குழி தோண்டுகிறான்.

அதற்குப் பிறகு சின்னச் சின்னதாகச் சில நடந்தன. என் காரின் பின் பம்பரில் ஒரு கீறல் இருந்தது. தண்ணீர் லாரிக்காரன் மதிலோரம் திருப்பும்போது போட்டது; காவலாளி சாட்சி. மகன் குனிந்து அதை விரலால் தடவி, "இது எப்பப்பா ஆச்சு?" என்று கேட்டான். கேட்ட தொனியில் லாரி இல்லை. நான் மட்டும் இருந்தேன். இன்னொரு நாள் மருமகள், கண் டாக்டரிடம் போய் ரொம்ப நாளாகிறதே மாமா என்றாள். அக்கறைதான். அக்கறைக்கு எதிராக ஒரு மனிதன் என்ன வாதம் செய்ய முடியும்?

சரியான கண்ணாடி மார்கழியில் வந்தது. ஊரின் மறுகோடியில் விமான் நகர்ப் பக்கம் இருக்கும் கார் கம்பெனியின் பணிமனைக்கு மகனின் காரை முந்தின நாளே தட்டையான லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மறுநாள் வெள்ளிக்கிழமை, மகன் விடுப்பு எடுத்திருந்தான். "நீங்களும் வாங்கப்பா, உங்க கார்லயே போலாம், திரும்ப வரும்போது ரெண்டு கார் இருக்கும்ல" என்றான். கணக்கு சரியாக இருந்தது. இரண்டு கார், இரண்டு பேர். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. போகும்போது அவனே ஓட்டினான்.

பணிமனை என்றால் கிரீஸும் கறுப்புத் தண்ணீரும் என்று நினைத்துப் போனால், ஆஸ்பத்திரி போல இருக்கிறது. கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் சோபா. அந்தப் பக்கம் வேலை. கதவின் உள்தோலை முழுதாக உரித்து வைத்திருந்தார்கள். பழைய கண்ணாடியின் துணுக்குகள் கதவின் அடிவயிற்றில் இன்னும் கிடந்தன. குழாய் வைத்து உறிஞ்சினார்கள். புதிய கண்ணாடியை இரண்டு பேர் பச்சைக் குழந்தையை ஏந்துவது போல ஏந்தி வந்து இறக்கினார்கள். பிறகு கதவைத் திறந்து, மூடி, திறந்து, மூடி, அது சரியாக ஒரு விரல் இறங்குகிறதா, ஏறி ரப்பருக்குள் உட்காருகிறதா என்று பார்த்தார்கள். பதினோரு தடவை. மகன் கண்ணாடிச் சுவரில் நெற்றி ஒட்ட நின்றுகொண்டிருந்தான்.

நான் திரும்பி வாசல் பக்கம் பார்த்தேன். வெளியே என் காரைச் சுற்றி ஒரு ஆள் நடந்துகொண்டிருந்தான். போன் வைத்து நான்கு பக்கமும் படம் எடுத்தான். பம்பர் கீறலைக் கிட்டத்தில் எடுத்தான். பிறகு பானட்டைத் திறந்தான். திறக்க வேண்டுமானால் உள்ளே உட்கார்ந்து நெம்புகோலை இழுக்க வேண்டும். அதற்குச் சாவி வேண்டும்.

"யாரது?"

மகன் திரும்பிப் பார்க்கவில்லை. "பழைய கார் வாங்கறவங்கப்பா. சும்மா பாக்க வந்திருக்காங்க."

"சும்மா பாக்கதுக்கு பானட்ட ஏன் தொறக்கான்?"

"மார்ச்ல ரெஜிஸ்ட்ரேஷன் முடியுது. பதினஞ்சு வருஷம். திரும்ப ஃபிட்னெஸ், அது இதுன்னு... எதுக்குப்பா? நீங்க எங்க போணும்னாலும் நான் கேப் போட்டுத் தர்றேன்."

"இத வீட்டுல சொல்ல வேண்டியதுதானய்யா?"

"வீட்ல சொன்னா நீங்க சண்ட போடுவீங்க."

அவன் அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தான். நான்கு சோபாக்களிலும் பெரிய மனிதர்கள். டை கட்டிய பையன் ஒருவன் காப்பிக் கோப்பையோடு குனிந்து, "அங்கிள், சுகர்?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். இந்த இடத்தில் நான் குரல் உயர்த்த மாட்டேன் என்பது என் மகனுக்குத் தெரியும். அவனைப் படிக்க வைத்தவன், பொது இடத்தில் எப்படி நடந்துகொள்வது என்று சொல்லிக் கொடுத்தவன் நான்.

"சாவியக் குடுக்கச் சொல்லு" என்றேன்.

"ப்பா."

"குடுக்கச் சொல்லுய்யா. என் கார நான் ஓட்டிட்டு வாரேன். நீ உன் கார ஓட்டிட்டு வா."

 அவன் வெளியே போய் அந்த ஆளிடம் இந்தியில் ஏதோ சொல்லிச் சாவியை வாங்கி வந்து என் உள்ளங்கையில் வைத்தான்.

கிளம்பினேன். எரவாடா தாண்டி, சங்கம்வாடி வழியாக வந்தேன். மெட்ரோ தூண்களுக்கு இடையில் வண்டிகள் புழு போல நெளிந்தன. ஒவ்வொரு சிக்னலிலும் நின்றேன், இன்டிகேட்டர் போட்டேன், ஒரு தடவைகூட இன்ஜின் அணையவில்லை. பின்பார்வைக் கண்ணாடியில் மகனின் கார். தரையோடு தரையாக, ஊர்ந்து, என் பின்னாலேயே. அத்தனை குதிரை சக்தி உள்ள காரை ஒரு கிழவனின் காருக்குப் பின்னால் ஓட்ட வைத்ததில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

பல்கலைக்கழகச் சதுக்கத்தில் பாணேர் சாலைக்குத் திரும்ப இடது பக்கம் ஒதுங்க வேண்டும். ஒதுங்கினேன். இடது பக்கம் ஸ்கூட்டரில் ஒரு பெண் இருந்தாள். நான் அவளைப் பார்க்கவே இல்லை. பிரேக் கிறீச்சிட்ட பிறகுதான் பார்த்தேன். அவள் ஸ்கூட்டர் நடைபாதைக் கல்லில் உரசி நின்றிருந்தது. அவள் விழவில்லை. காலை ஊன்றிக்கொண்டு, என் ஜன்னலைக் கையால் தட்டி, "காகா, திசத் நாஹி கா?" என்றாள். பெரியவரே, கண் தெரியவில்லையா என்று கேட்டாள். கோபத்தைவிட அவள் முகத்தில் பயம்தான் அதிகம். நான் கை கூப்பினேன். என் மனைவி இருந்தவரை இடது பக்கம் அவள் பொறுப்பு. "வண்டி வருது, வண்டி வருது" என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே வருவாள், நான் எரிந்து விழுவேன்.

ஸ்கூட்டர்க்காரி போய்விட்டாள். பின்பார்வைக் கண்ணாடியில் பார்த்தேன். மகன் இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கின் மேல் வைத்தபடி, நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் பார்த்திருந்தான்.

வீட்டு வாசலுக்குள் நான்தான் முதலில் நுழைந்தேன். கூரைக்கு அடியிலிருக்கும் இடம் காலியாக இருந்தது. நேராக அதில் கொண்டுபோய் நிறுத்தினேன். கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். மகன் ஒன்றும் கேட்காமல் மதிலோரம் போய், புதுக் கண்ணாடியோடு அவன் காரை நிறுத்தி, டிக்கியிலிருந்து உறையை எடுத்துப் போர்த்தினான்.

இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது நான் எல்லாப் பதில்களையும் தயார் செய்து வைத்திருந்தேன். மெட்ரோ வேலைக்காகச் சாலையைக் குறுக்கியிருக்கிறார்கள். அந்தப் பெண் வந்த வேகம் அப்படி. இந்த ஊரில் யார்தான் இடது பக்கத்தில் முந்துவதில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று அடுக்கி வைத்திருந்தேன். மருமகள் குழம்பை ஊற்றிக்கொண்டே, "மாமா தனியாவா ஓட்டிட்டு வந்தார்? அந்த டிராஃபிக்லயா?" என்று கேட்டாள்.

மகன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நல்லாதான் ஓட்டினார்" என்றான். "நான் பின்னாடியேதான் வந்தேன்."

அந்த ஸ்கூட்டரைப் பற்றி அவன் சொல்லவில்லை. அன்றைக்கும் இல்லை, பிறகும் இல்லை. சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன், நாள் கணக்கில் பேசியிருப்பேன். அவன் எனக்காகப் பொய் சொன்னான். என் பதில்கள் மூன்றும் வாய்க்குள்ளேயே சோற்றோடு இறங்கிப்போயின.

மறுநாள் சனிக்கிழமை. கார்ச் சாவியை எடுக்காமல் ஆட்டோவில் கேம்ப்புக்குப் போனேன். ஆட்டோக்காரன் காத்திருக்க மாட்டேன் என்றதால் நண்பரைக் கீழே இறக்கவில்லை. மாடியிலேயே, பார்சல் வாங்கிப் போன பன்னைச் சாப்பிட்டோம். அது குளிர்ந்து போயிருந்தது. கார் எங்கே என்று கேட்டார். சர்வீஸுக்கு விட்டிருக்கிறேன் என்றேன். அடுத்த சனிக்கிழமையும் அதையே சொன்னேன். அதற்கு அடுத்த சனிக்கிழமை அவர் கேட்கவில்லை.

என் கார் கூரைக்கு அடியில் நிற்கிறது. காக்கை எச்சம் இல்லை, தூசி மட்டும் படிகிறது. மகனின் கார் வெயிலில் உறை போட்டுக்கொண்டு நிற்கிறது. அந்த இடதுபக்கக் கண்ணாடிக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அவன் பால்கனியிலிருந்து எட்டிப் பார்ப்பதை நான் பார்க்கிறேன். இடத்தைக் கேட்பான் என்று தினமும் எதிர்பார்க்கிறேன். கேட்டால் முடியாது என்று சொல்ல வேண்டும். அவன் கேட்கவே மாட்டேன் என்கிறான்.